கொலவெறியா, ரௌடி பேபியா: பாட்டுச் சண்டையை உருப்படியாகப் போடுவது எப்படி

எந்தப் பாட்டு அதிகம் ஓடியது என்று கேட்டால் செல்போனை எடுத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். எந்தப் பாட்டு நம் பேச்சை, நம் மேடையை, நம் சினிமாவை அதிகம் மாற்றியது என்று கேட்டால்தான் சண்டை ஆரம்பிக்கும். எனக்கு அந்தச் சண்டை ரொம்பப் பிடிக்கும். கும்பகோணம் பக்கத்து லைட் மியூசிக் குழு ஒன்றில் கேசட் காலத்திலிருந்து பாடுகிறேன். திருவிழா, கல்யாண வரவேற்பு, காதுகுத்து என்று மேடை எதுவானாலும், முடித்துவிட்டு வேனில் ஏறியதும் எங்களுக்குப் பாட்டுப் பேச்சுதான். அதில் வருஷக்கணக்காக ஓயாத பேச்சு ஒன்று உண்டு: ‘ஒய் திஸ் கொலவெறி’ பெரிதா, ‘ரௌடி பேபி’ பெரிதா? ரிதம் பேடு வாசிக்கிற தம்பி ரௌடி பேபி கட்சி. ஆண் குரல் பாடுகிற அண்ணன் கொலவெறி கட்சி. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கிற ஆட்கள் இல்லை.

இப்படிப்பட்ட பேச்சு எங்கே கெட்டுப்போகும் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் பத்து நிமிஷம் பாட்டைப் பற்றிப் போகும். அப்புறம் இசையமைப்பாளருக்குத் தாவும். அப்புறம் ஹீரோ. கடைசியில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் ரசனையில் வந்து நிற்கும். பாட்டை எல்லோரும் மறந்திருப்பார்கள். அப்படி ஆகாமல் கொண்டுபோக எங்களுக்குக் கைகொடுத்த வழிகளை இங்கே சொல்கிறேன். கொலவெறியையும் ரௌடி பேபியையும் வைத்தே சொன்னால் புரிவது சுலபம்.

ஜோடியும் நடுவரும்

எந்த இரண்டு பாட்டையும் மோதவிடலாம் என்று நினைக்காதீர்கள். ‘சின்ன சின்ன ஆசை’யையும் ‘அரபிக் குத்து’வையும் எதிரெதிரே நிறுத்தினால் நீங்கள் பேசப்போவது பாட்டை அல்ல, வயசை. ஆரம்பிப்பவர்கள் இரண்டு பாட்டுக்கும் பொதுவாக ஒரு ஆள் இருக்கிற ஜோடியாக எடுப்பது நல்லது. இந்த இரண்டு பாட்டையும் எழுதியவர் தனுஷ். பாடியவரும் அவர்தான், ரௌடி பேபியில் கூடவே பாடகி தீ. அதனால் ‘உங்க ஆளு, எங்க ஆளு’ என்ற வம்பு பாதி குறைந்துவிடும். மிச்சம் இருப்பது அனிருத்தா யுவனா என்ற பாதி. அது தலைகாட்டியதும் நடுவர் நிறுத்திவிட வேண்டும். ஒரு பாட்டைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு ஒருவருடைய மொத்த வாழ்க்கையையும் பதிலாகக் கொட்டக் கூடாது.

நடுவர் கட்டாயம் வேண்டும். தனக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்பதை அவர் முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வேனில் நடுவர் நான்தான். எனக்கு ரௌடி பேபி பிடிக்கும். காரணம், அதில் பெண் குரலுக்கு வேலை இருக்கிறது. தீயின் அந்த அடர்த்தியான குரலை அப்படியே நகல் எடுக்க முயலாமல், நம் குரலின் கனத்திலேயே பாட இடம் கொடுக்கிற மெட்டு அது. கொலவெறி ஓடும்போது எனக்கு மேடையில் ஓரமாக நின்று கைதட்டுகிற வேலைதான். இதைச் சொல்லிவிட்டால் என் தீர்ப்பு என் ஆசைப்படி சாய்கிறதா என்று மற்றவர்கள் கவனித்துக்கொள்வார்கள். வாதாடுகிறவர்களும் இதேபோல் சொல்லட்டும். பிடித்தது வேறு, தாக்கம் வேறு என்று எல்லோரும் வாயைத் திறந்து ஒத்துக்கொண்ட பிறகு பேச்சைத் தொடங்குங்கள்.

அடுத்து, இரண்டு கட்சியும் மறுக்க முடியாத விவரங்களைப் பேசி முடித்துவிடுங்கள். கொலவெறி ‘3’ படத்தின் பாட்டு. இயக்கம் ஐஸ்வர்யா தனுஷ். இசை அனிருத். அவருக்கு அது முதல் படம், வயது 21. பட்டை தீட்டாத வடிவம் ஒன்று இணையத்தில் முன்பே கசிந்துவிட்டது. அதனால் 2011 நவம்பர் 16 அன்று சோனி மியூசிக் பாட்டை யூடியூபில் முறையாக வெளியிட்டது. அந்த வீடியோவில் ஆட்டம் கிடையாது, செட் கிடையாது. ஒலிப்பதிவுக் கூடத்தில் தனுஷ் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாடுகிறார். அனிருத்தும் ஐஸ்வர்யாவும் ஸ்ருதி ஹாசனும் கூட இருக்கிறார்கள். அவ்வளவுதான். படம் 2012 மார்ச் 30 அன்றுதான் வந்தது. ரௌடி பேபி நேர் எதிர். பாலாஜி மோகன் இயக்கிய ‘மாரி 2’ 2018 டிசம்பர் 21 அன்று வந்தது. பாட்டின் முழு வீடியோ 2019 ஜனவரி 2 அன்று வெளியானது. யுவன் சங்கர் ராஜாவின் இசை, பிரபுதேவாவின் நடன அமைப்பு, சாய் பல்லவியின் ஆட்டம். ஒன்று படத்துக்கு முன்னால் தனியாக வந்த பாட்டு, இன்னொன்று படம் பார்த்த ஜனங்கள் திரும்பத் திரும்பப் பார்த்த பாட்டு. இந்த வித்தியாசம் பின்னால் ரொம்ப உதவும், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

யார் மேல் தாக்கம்?

‘தாக்கம்’ என்று மொட்டையாகச் சொன்னால் எவ்வளவு நேரம் பேசினாலும் முடியாது. யார் மேல் என்று கேளுங்கள். தமிழ்நாட்டுத் தெருவா? தமிழ் தெரியாத இந்தியாவா? சினிமாக்காரர்கள் தொழில் செய்கிற முறையா? எங்களைப் போன்ற மேடைக்காரர்களா? கேள்வியை இப்படிப் பிரித்தவுடனே பாதிச் சண்டை தானாகவே அடங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அண்ணன் பேசிக்கொண்டிருந்தது டெல்லியைப் பற்றி, தம்பி பேசிக்கொண்டிருந்தது திருவிடைமருதூர் கல்யாண மண்டபத்தைப் பற்றி என்பது அப்போதுதான் தெரியவரும்.

டெல்லி என்று எடுத்துக்கொண்டால் அண்ணன் கையில் வலுவான சான்று இருக்கிறது. 2011 டிசம்பரில் ஜப்பான் பிரதமர் நோடா இந்தியா வந்தபோது, பிரதமர் மன்மோகன் சிங் கொடுத்த விருந்துக்கு தனுஷ் அழைக்கப்பட்டார். படம் வெளிவர இன்னும் மூன்று மாதம் இருந்தது. ஜாவேத் அக்தர் போன்ற பெரிய இந்திப் பாடலாசிரியர் அந்தப் பாட்டை வெளிப்படையாகக் கடிந்து பேசினார். நீங்கள் சான்று தேடும்போது பாராட்டை மட்டும் பார்க்காமல் இந்த மாதிரிக் கோபத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத மொழிப் பாட்டு ஒன்றைத் திட்ட ஒருவர் நேரம் ஒதுக்குகிறார் என்றால், அந்தப் பாட்டு அவர் வீட்டு வாசல்வரை வந்துவிட்டது என்று பொருள்.

பார்வை எண்ணிக்கையை எப்படிப் படிப்பது

தம்பியின் பெரிய ஆயுதம் எண்ணிக்கை. ரௌடி பேபி யூடியூபில் 100 கோடி பார்வையைத் தொட்டது. தென்னிந்தியப் பாட்டுகளில் அதுதான் முதல் என்று தனுஷே எழுதினார். நாள், 2020 நவம்பர் 16. கொலவெறி வெளியாகிச் சரியாக ஒன்பது வருஷம் முடிந்த அதே நாள்! அந்த ஒற்றுமையைத் தனுஷும் குறிப்பிட்டு மகிழ்ந்தார். ‘ஒரே நாள்ல ரெண்டு பாட்டையும் வெச்சுப் பாருங்கக்கா, கொலவெறி கிட்டயே வரலை’ என்பான் தம்பி. எண்ணிக்கையில் அவன் சொல்வது உண்மை.

ஆனால் அந்த எண்ணிக்கை எப்படி உருவாகிறது என்று பார்க்காமல் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். 2011இல் எங்கள் ஊரில் யூடியூப் பார்த்தவர்கள் யார்? பிரௌசிங் சென்டர் போனவர்கள், ஐ.டி. வேலையில் இருந்தவர்கள், வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள். மற்றவர்களுக்குப் பாட்டு வந்த வழியே வேறு. பஸ் ஸ்டாண்டு பக்கத்து செல்போன் கடையில் மெமரி கார்டைக் கொடுத்தால் புதுப்பாட்டு ஏற்றிக் கொடுப்பார்கள். அதை ஒருவர் வாங்கிவந்தால் புளூடூத்தில் தெருவுக்கே போய்விடும். மினி பஸ்ஸில் ஓடும், காலர் டியூனாக ஒலிக்கும், எஃப்.எம்.மில் மணிக்கொரு முறை வரும். இதில் ஒன்றுகூட யூடியூப் கணக்கில் ஏறவில்லை. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. டேட்டா விலை சரிந்தது. அதற்குப் பிறகு பாட்டு கேட்பது என்றாலே யூடியூபில் பார்ப்பது என்று ஆகிவிட்டது. ரௌடி பேபி பிறந்தது அந்த உலகத்தில். ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்ட ஒரே நாளில் அதை ஆறு தடவை ஓட்டுகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆறும் கணக்கில் சேரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். புதுப்பாட்டுகளின் ‘24 மணி நேர சாதனை’ என்று யாராவது போஸ்டரைக் காட்டினால், வருஷத்தைக் கேளுங்கள். காசு கொடுத்து விளம்பரமாக ஓட்டிக் கிடைத்த பார்வைகளை அந்தச் சாதனைக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று யூடியூப் 2019இல்தான் முடிவெடுத்தது. அதற்கு முந்தைய சாதனையையும் பிந்தைய சாதனையையும் ஒரே தராசில் வைப்பது சரியாக வராது.

அதற்காக எண்ணிக்கையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒரே காலத்துப் பாட்டுகளை ஒப்பிட அது நன்றாகவே உதவும். 2019இல் வந்த மற்ற தமிழ்ப் பாட்டுகளுக்கும் அதே ஜியோ, அதே செல்போன்கள்தான் இருந்தன. அவற்றுக்கு நடக்காதது ரௌடி பேபிக்கு நடந்தது. அந்த அளவுக்குத் தம்பி கட்சிக்கு மதிப்பெண் போட வேண்டும். வேறு வேறு காலத்துப் பாட்டுகள் என்றால், பார்வையை ஒரு துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தடயம் தேடுங்கள்

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. ஒரு பாட்டு வந்துபோன பிறகு ஜனங்கள் புதிதாக என்ன செய்ய ஆரம்பித்தார்கள், எதை நிறுத்தினார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒவ்வொருவரும் தான் நேரில் பார்த்ததைச் சொல்லட்டும். பேப்பரில் படித்ததைவிட அது கனமானது. தன் மூலையில் மட்டும் நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அதுதான் ஒரே நிபந்தனை.

என் மூலை, மேடைக்குக் கீழிருந்து வருகிற சீட்டு. கல்யாணப் பத்திரிகை உறையின் ஓரத்தைக் கிழித்து, பால்பாயின்ட் பேனாவில் ‘கொளவெரி, மாப்ளை பிரெண்ட்ஸ்’ என்று கோணல்மாணலாக எழுதி, ஐம்பது ரூபாய் நோட்டுக்குள் மடித்து ஒரு பையன் கையில் கொடுத்து அனுப்புவார்கள். 2011 கடைசியிலும் 2012 முழுக்கவும் எங்களுக்கு வந்த சீட்டெல்லாம் அப்படித்தான். எழுதினவர்கள் எல்லோரும் ஆண்கள், பெரும்பாலும் மாப்பிள்ளையின் நண்பர்கள். பாட ஆரம்பித்தால் அவர்களே மேடையேறி மைக்கைப் பிடுங்குவார்கள். அண்ணன் கோபித்துக்கொள்ளாமல் கொடுத்துவிடுவார், ஏனென்றால் அந்தப் பாட்டை யார் வேண்டுமானாலும் பாடலாம். நிதானமான தாளம், பேசுகிற மாதிரியே நகர்கிற மெட்டு, மேல் ஸ்தாயிக்கு ஏறவே வேண்டாம். நடுவில் தனுஷ் பேசிக்கொண்டே பாடுவதால் சுருதி விலகினாலும் கெட்டுப்போகாது. எல்லோருக்கும் தெரிந்த ஆங்கிலச் சொற்களுக்கு நம் ஊர் உச்சரிப்பைக் கொடுத்திருப்பதால் தமிழ் தெரியாதவரும் கூடப் பாட முடிந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஆளாளுக்குச் சொந்த வரிகள் போட்டு வெளியிட்டார்கள். கல்லூரிப் பிள்ளைகள் தேர்வைத் திட்டிப் பாடினார்கள், வடக்கே அரசியலைத் திட்டிப் பாடினார்கள், பாடகர் சோனு நிகமின் சின்ன மகன்கூட ஒரு குழந்தை வடிவம் பாடினான்.

2019இல் சீட்டு மாறியது. ‘ரௌடி பேபி, பொண்ணோட தங்கச்சி ஆடணுமாம்’ என்று வந்தது. சீட்டு கொண்டுவருவது பெண் பிள்ளைகள், சில நேரம் பெண்ணின் அம்மாவே. எங்கள் பக்கத்து வரவேற்பு மேடையில் முன்பெல்லாம் ஆடுவது ஆண்கள்தான், பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார்கள். ரௌடி பேபி காலத்தில் பெண் வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேர் ஒரே நிறப் பாவாடையில், வீட்டுக் கூடத்தில் செல்போனை நிற்கவைத்துப் பழகிக்கொண்டு மேடைக்கு வந்தார்கள். வெட்கம் இல்லை, கால் தப்பவில்லை. சாய் பல்லவி அந்தப் பாட்டில் இடுப்பைக் காட்டி ஆடவில்லை, முழு உடம்பையும் குதியாட்டம் போட வைத்து ஆடினார். அதனால் பெற்றவர்களுக்கும் ஆட்சேபம் இல்லாமல் போனது என்று நினைக்கிறேன். அந்தக் காட்சியை நான் மனதாரக் கொண்டாடுகிறேன். இன்றைக்கும் எங்களுக்கு ரௌடி பேபி சீட்டு வருகிறது. கொலவெறி சீட்டு வருவது அபூர்வம்.

சரி, அப்படியென்றால் தம்பி ஜெயித்துவிட்டானா? இங்கேதான் அண்ணன் ஒரு நல்ல கேள்வி கேட்டார்: ‘பாட்டைத் தேடிப் போகாதவனுக்கும் அது தெரிஞ்சுதா?’ இந்தக் கேள்வியை உங்கள் பேச்சிலும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரௌடி பேபியைப் பார்க்காமல் இருந்துவிட முடியும். எங்கள் குழுவின் டிரைவர் ஐயா சினிமாவே பார்க்காதவர். அவருக்கு ரௌடி பேபி என்றால் ‘அந்தப் பொண்ணுங்க ஆடுற பாட்டு’. கொலவெறியோ அவர் வாயிலேயே வந்தது. எதிரே லாரிக்காரன் குறுக்கே வந்தால் ‘என்னய்யா ஒய் திஸ் கொலவெறி’ என்பார். மேடைச் சீட்டில் தெரியாத தடயம் அது.

‘முதல்முதலாக’ என்று சொன்னால் நிறுத்துங்கள்

ரசிகர்கள் சண்டையில் அதிகம் புரளுகிற சொல் ‘முதல்முதலாக’. தமிழ்ப் பாட்டை முதல்முதலாக எல்லை தாண்ட வைத்தது கொலவெறிதான் என்று அண்ணன் ஒரு நாள் ஆரம்பித்தார். அன்று நான் கேட்டது, சிலோன் மனோகர் என்று நம் ஊரில் அறியப்பட்ட ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யை எங்கே வைப்பீர்கள் என்று. சிங்களமும் தமிழும் கலந்த அந்த பைலா (இலங்கைத் துள்ளிசை) பாட்டு 1970களில் இலங்கையிலிருந்து கிளம்பித் தமிழ்நாட்டுக் கல்லூரிச் சுற்றுலா பஸ்கள் வரைக்கும் வந்தது. அப்போது இணையம் கிடையாது. இந்தியாவின் வேறு மொழிகளிலும் அதைப் பாடினார்கள். அர்த்தம் புரியாமலேயே கூட்டமாகப் பாடுகிற சுகத்தை நமக்குப் பழக்கிய பாட்டு அது. கொலவெறி அந்த வழியில் பின்னால் வந்த பாட்டு. இப்படி ஒரு மூத்த பாட்டைக் கொண்டுவந்து நிறுத்தினால் ‘முதல்முதலாக’ பெரும்பாலும் கரைந்துவிடும்.

அதேபோல், ஒன்றுக்குப் பின்னால் நடந்ததெல்லாம் அதனால்தான் நடந்தது என்று சொல்லவிடாதீர்கள். கொலவெறிக்குப் பிறகு, படத்தின் ஒரு பாட்டை மட்டும் முன்கூட்டி ‘சிங்கிள்’ என்று விடுவதும் அதற்கென்றே ஒரு வீடியோ செய்வதும் தமிழ் சினிமாவில் சாதாரணமாகிவிட்டது. அதற்கு முன் எங்களுக்குப் பழக்கம், ஒரு நாள் விழா எடுத்து மொத்தப் பாட்டும் ஒரே சி.டி.யில் வருவது. மறுநாளே சி.டி. வாங்கி மேடைக்குப் பாட்டு எடுப்போம். இந்த மாற்றத்துக்குக் கொலவெறி மட்டும் காரணம் இல்லை. சி.டி. கடைகள் மூடிக்கொண்டிருந்தன, செல்போன் வளர்ந்துகொண்டிருந்தது. ஆனாலும் தயாரிப்பாளர்களுக்கு இது காசாகும் என்று கண் முன்னால் காட்டியது அந்தப் பாட்டு. ‘காரணம்’ என்று சொல்லாமல் ‘துணிச்சல் கொடுத்தது’ என்று சொன்னால் எதிர்க்கட்சியும் ஒத்துக்கொள்ளும். வாதத்தில் இப்படி ஒரு படி இறங்கிச் சொல்லப் பழகுங்கள்.

தாக்கம் எல்லாமே நல்லதாக இருக்க வேண்டியதில்லை

இதைப் பெண் குரல் பாடுகிறவளாக நான் சொல்லியே ஆக வேண்டும். கொலவெறி தன்னை ஒரு ‘சூப் சாங்’ என்று அறிவித்துக்கொண்டு வந்தது. காதலில் அடிபட்ட பையன் குடித்துவிட்டுப் புலம்புகிற பாட்டு. புலம்பல் இருக்கட்டும், அது மனிதனுக்கு உள்ளதுதான். ஆனால் அதன் வெற்றிக்குப் பிறகு சில வருஷம், பெண்களெல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று திட்டுகிற பாட்டுகள் வரிசைகட்டி வந்தன. மேடையில் அவற்றை அண்ணன் பாடும்போது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பெண் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அதுவும் கொலவெறியின் தாக்கக் கணக்கில் சேர வேண்டியதுதான். ‘எங்க பாட்டைத் தப்பா சொல்றீங்க’ என்று அண்ணன் வருத்தப்பட்டார். இது பாட்டின் அளவைக் குறைக்கிற வாதம் இல்லை, கூட்டுகிற வாதம் என்று சொன்னேன். நாற்பது பாட்டுக்கு அச்சாக நின்ற பாட்டு சின்னப் பாட்டாக இருக்க முடியாது. அளவைத் தனியாகவும் தன்மையைத் தனியாகவும் பேசுங்கள். இரண்டையும் குழப்பினால், பிடிக்காத பாட்டுக்குத் தாக்கமே இல்லை என்று சாதிக்க ஆரம்பித்துவிடுவோம்.

மூன்றாவது பாட்டு ஒன்றைக் கூப்பிடுங்கள்

பேச்சு முட்டிக்கொண்டு நிற்கும்போது இது நன்றாக வேலை செய்யும். இரண்டு கட்சிக்கும் சொந்தமில்லாத ஒரு பாட்டைக் கொண்டுவந்து, அது செய்ததை இந்த இரண்டும் செய்தனவா என்று கேளுங்கள். நான் கூப்பிடுவது ‘எஞ்சாயி எஞ்சாமி’.

2021 மார்ச் 7 அன்று வந்தது. சினிமாப் பாட்டு இல்லை. பாடியவர்கள் தீயும் அறிவும், தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்துவிட்டு, 1964இல் போட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்ட லட்சக்கணக்கான மலையகத் தமிழர்களின் கதை. ஒப்பாரியின் சாயலையும் ராப்பையும் ஒரே மூச்சில் வைத்துக் கட்டிய பாட்டு. கூடலூர் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் நான் அதைப் பாடிவிட்டு இறங்கியபோது, ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தலைமன்னாரில் கப்பல் ஏறியதையும் ராமேஸ்வரத்தில் இறங்கியதையும் மண்டபம் முகாமையும் வரிசையாகச் சொன்னார். அவருடைய பேத்தி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ‘இதெல்லாம் எனக்குச் சொன்னதே இல்லையே பாட்டி’ என்றாள்.

அந்தப் பாட்டு வேறொரு வாதத்தையும் வெளியே கொண்டுவந்தது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகையின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் உட்படப் பலர் கேள்வி கேட்டார்கள். 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் பாட்டு மேடையேறியபோது, ஒரு பாட்டில் யாருக்கு எவ்வளவு உரிமை என்ற பேச்சு மறுபடியும் எழுந்தது. எழுதினவர் யார், மெட்டு யாருடையது, பெயர் ஏன் முன்னால் பின்னால் வருகிறது என்று டீக்கடையில்கூடப் பேசினார்கள். மேடைக்காரர்களான எங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இப்போதெல்லாம் அந்தப் பாட்டை அறிவிக்கும்போது எழுதியவர், பாடியவர், இசை என்று எல்லாப் பெயரையும் சொல்லித்தான் தொடங்குகிறேன்.

இதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொலவெறி, ரௌடி பேபி இரண்டின் எல்லையும் தெரிகிறது. ஒன்று ஜனங்களின் வாயைப் பிடித்தது, ஒன்று காலைப் பிடித்தது. நினைவைத் தோண்டுகிற வேலையை இரண்டுமே செய்யவில்லை, அதைச் செய்ய அவை பிறக்கவும் இல்லை. இதை ஒத்துக்கொண்ட பிறகு அண்ணனும் தம்பியும் பேசின தொனியே மாறிவிட்டது.

தீர்ப்பு

கடைசியில் தீர்ப்பு சொல்லியே ஆக வேண்டும். ‘ரெண்டும் நல்ல பாட்டுதான்’ என்று நழுவுகிற நடுவரை யாரும் மறுபடி கூப்பிட மாட்டார்கள். எந்த வட்டத்துக்கு எந்தத் தீர்ப்பு என்று பிரித்துச் சொல்லுங்கள். என் தீர்ப்பு இது: கல்யாண மேடையிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் பெண் பிள்ளைகள் ஆடுகிற விதத்திலும் ரௌடி பேபி முன்னால் நிற்கிறது. தமிழ்நாட்டுக்கு வெளியிலும், சினிமாப் பாட்டு நம்மிடம் வந்து சேர்கிற முறையிலும், அன்றாடப் பேச்சிலும் கொலவெறி முன்னால் நிற்கிறது. ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் கொலவெறி. எனக்குப் பிடித்த பாட்டு தோற்கிற தீர்ப்பு இது. ஆனால் இதற்கு ஒரு காலக்கெடு வையுங்கள். கொலவெறிக்குப் பத்து வருஷம் முடிந்த கணக்கு நம் கையில் இருக்கிறது, ரௌடி பேபிக்கு அது 2029 ஜனவரியில்தான் முடியும். அந்தக் கணக்கு வரும்போது தம்பி மேல்முறையீடு செய்யலாம்.

எங்கள் வேனில் அடுத்த ஜோடி ஏற்கெனவே முடிவாகிவிட்டது. 1992இல் ‘ரோஜா’வின் ‘சின்ன சின்ன ஆசை’, 1994இல் ‘காதலன்’ படத்தின் ‘முக்காலா முக்காபுலா’. இரண்டுக்கும் பொது ஆள் ஏ. ஆர். ரகுமான், இரண்டும் இந்திக்குப் போன பாட்டு, இரண்டுக்கும் இடையில் இரண்டே வருஷம். ஜோடிப் பொருத்தம் அபாரம். மெமரி கார்டுகூட இல்லாத காலம் என்பதால் கேசட் கடைக்காரர்களைத்தான் போய்க் கேட்க வேண்டும். முக்காலாவை இந்திக்காரர்கள் 2020இல் மறுபடி எடுத்து ஆடியதைத் தம்பி இப்போதே குறித்து வைத்திருக்கிறான். இந்த முறை நடுவர் வேலை டிரைவர் ஐயாவுக்கு. ஏனென்றால் நான் ‘சின்ன சின்ன ஆசை’ பாடிய மின்மினி பக்கம் கட்சி சேர்ந்துவிட்டேன்.